சிங்க் குழாயின் ஸ்பிரேயர் சிக்குகிறதா? கழற்றுவதா, வாரண்டிக்குப் போவதா?

இழுத்து நீட்டும் ஸ்பிரேயர் வைத்த குழாயைச் சமையலறையில் மாட்டியவர்கள் என்றாவது ஒரு நாள் பிளம்பரை அழைத்தே தீருவார்கள். நாகர்கோவிலிலிருந்து குளச்சல் வரை வீடுகள் மாறும், குழாயின் கம்பெனி மாறும். நான் கேட்கும் புகார் மட்டும் மாறுவதில்லை. ஸ்பிரேயரின் தலை உள்ளே போகாது, அல்லது பட்டன் அமுங்கியே கிடக்கும், அல்லது தண்ணீர் நூல் போல வரும். கூடவே ஒரு கேள்வி: “வாரண்டி இருக்கிறதே அண்ணே, நாமே கை வைக்கலாமா?”

உங்கள் வீட்டு அறிகுறி எதுவோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். செலவில்லாத காரணத்தை முதலிலும் பணம் கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையை மாற்றாதீர்கள். நேரே கடைக்குப் போய்ப் புதுத் தலை வாங்கி வந்து மாட்டிய பிறகும் பழைய கோளாறு அப்படியே இருக்கும் வீடுகளைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

கை வைக்கும் முன்

பில்லைத் தேடி எடுத்துத் தேதியைப் பாருங்கள். வாரண்டி உயிரோடு இருந்தால் ஒரே விதி: வெறும் கையால் திருகிக் கழற்றக்கூடியதைக் கழற்றலாம், கழுவலாம், திரும்ப மாட்டலாம். ஸ்க்ரூ டிரைவரோ ஸ்பேனரோ தேவைப்படும் இடம் வந்தால் அங்கே நிறுத்திவிடுங்கள். சர்வீஸுக்கு வருபவர் முதலில் தேடுவது ஸ்பேனர் பல் பதிந்த கீறலைத்தான். அது கண்ணில் பட்டால் “வெளியாள் கை வைத்திருக்கிறார்” என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அடுத்து, சிங்குக்குக் கீழே சுவரில் இருக்கும் ஆங்கிள் காக், அதாவது குழாய்க்குப் போகும் தண்ணீரை அடைக்கும் வால்வு, திரும்புகிறதா என்று மெதுவாகச் சோதியுங்கள். பல ஆண்டுகளாகத் தொடாத ஆங்கிள் காக்கை வீம்புக்குத் திருகினால் கழுத்து முறிந்து சுவருக்குள்ளிருந்து தண்ணீர் பீய்ச்சும். திரும்பவில்லை என்றால் வேலையை அங்கேயே விட்டுவிட்டுக் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி 1: தலை வெளியே வருகிறது, உள்ளே திரும்பிப் போகவில்லை

*சிங்குக்குக் கீழே என்ன அடைத்து வைத்திருக்கிறீர்கள்?* சோப்புத் தூள் டப்பா, பழைய துணி, தேங்காய்த் துருவி, குப்பை வாளி எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். மேலே ஒருவர் தலையை இழுத்து விட, கீழே ஒருவர் டார்ச் அடித்து, தலைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வளையும் ஹோஸைப் பார்க்க வேண்டும். அது ஆங்கிள் காக்கின் கைப்பிடியிலோ ஆர்.ஓ. இயந்திரத்தின் டியூபிலோ மாட்டிக்கொண்டு நிற்பது அப்போதே தெரியும். பெரும்பாலும் கதை இங்கேயே முடிந்துவிடும். இதற்கு வாரண்டியில் ஆள் வரவழைத்தால், அவர் டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டு உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்.

*வெயிட் இடம் மாறிவிட்டதா?* ஹோஸில் கவ்விக்கொண்டு தொங்கும் அந்தக் கனமான துண்டுதான் தலையை உள்ளே இழுக்கிறது. அதன் திருகு தளர்ந்தால் வழுக்கிக் கீழே போய் அலமாரித் தரையில் உட்கார்ந்துவிடும். தரையில் உட்கார்ந்த எடை எதையும் இழுக்காது. சரியான இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். தலை உள்ளே இருக்கும்போது வெயிட் தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். தலையை முழுக்க வெளியே இழுக்கும்போது அது மேலே போய்க் குழாயின் அடியில் முட்டக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் வைத்து இறுக்குங்கள். இந்தத் திருகு மட்டும் என் விதிக்கு விலக்கு. பொருத்தும்போது எல்லோரும் தொடும் திருகுதான் அது.

*ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறதா, பிசுக்கேறியிருக்கிறதா?* எண்ணெய்க் கையோடு தலையை இழுத்து இழுத்து ஹோஸின் மேல் ஒரு பிசுக்குப் படியும். முழுக்க வெளியே இழுத்து, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். முறுக்கு இருந்தால் ஹோஸ் கீழே வளையும் இடத்தில் ஒரு பக்கமாகத் திருகி நிற்கும். தலையை எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டாலே சில நேரம் சரியாகும்.

*தலை உட்காரும் வளையம் தேய்ந்துவிட்டதா?* ஹோஸ் நன்றாக ஓடியும் தலை மட்டும் ஒரு விரற்கடை வெளியே தொங்கினால், குழாயின் வாயில் இருக்கும் பிளாஸ்டிக் வளையமோ உள்ளிருக்கும் காந்தமோதான் காரணம். காந்தம் வைத்த குழாயில் வாய்ப்பகுதியைத் துடைத்துப் பாருங்கள். தலையின் கழுத்தில் உப்புப் பொருக்கு ஏறியிருந்தாலும் காந்தம் பிடிக்காது. வளையம் உடைந்திருந்தால் வாரண்டியில் கேளுங்கள்.

ஹோஸே விறைத்துப்போய், மேலுறையின் பின்னல் நூல் பிய்ந்திருந்தால் அதை மாற்ற வேண்டியதுதான். வாரண்டி இருக்கும் வரை உங்கள் பணத்தைச் செலவு செய்யாதீர்கள்.

அறிகுறி 2: பட்டன் ஒட்டிக்கொள்கிறது, அல்லது அழுத்தினால் நிற்பதில்லை

இவை இரண்டும் ஒன்று போலத் தெரிந்தாலும் காரணங்கள் வேறு. அழுத்திய பட்டன் திரும்பி வராமல் உள்ளேயே கிடந்தால் “அ” பகுதியைப் பாருங்கள். அழுத்தினால் ஸ்பிரே வந்து, கையை எடுத்ததும் பழையபடி நேர்த்தாரையாக மாறினால் “ஆ” பகுதி.

*அ. பட்டன் உள்ளேயே கிடக்கிறது*

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான். மணவாளக்குறிச்சி, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் கிணற்று நீரை டேங்கில் ஏற்றும் வீடுகளில் பட்டனைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு கட்டியிருக்கும். மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் சில ஆழ்துளைக் கிணறுகளில் இரும்பு அதிகம். அங்கே பொருக்கு செம்மஞ்சளாக இருக்கும். முக்கடல் அணையிலிருந்து வரும் மாநகராட்சித் தண்ணீர் மட்டும் பயன்படுத்தும் நாகர்கோவில் வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு.

நிறத்தைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளைப் பொருக்குக்குக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் போதும்; வினிகர் ஒரு பங்கு, இளஞ்சூடான தண்ணீர் ஒரு பங்கு. செம்மஞ்சளுக்கு மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலம் இன்னும் நன்றாகக் கேட்கும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி கரையுங்கள்.

ஆங்கிள் காக்கை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். தலையைக் கையால் திருகி ஹோஸிலிருந்து கழற்றுங்கள். அதற்கு முன் சிங்கின் துளையை ஒரு துணியால் அடைத்துவிடுங்கள். தலைக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வாஷர் விழுந்து ஓடினால் அதற்காக மார்க்கெட்டுக்கு நடக்க வேண்டிவரும். ஹோஸின் முனை நழுவிக் குழாய்க்குள் போகாமல் ஒரு துணிக் கிளிப் போட்டு வையுங்கள். தலையைக் கரைசலில் அரை மணி நேரம் ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் பட்டனைச் சுற்றித் தேயுங்கள். தண்ணீருக்குள் வைத்தே பட்டனைப் பலமுறை அழுத்தி விடுங்கள். உள்ளே இளகிய பொருக்கு வெளியே வரும். போதவில்லை என்றால் இன்னொரு அரை மணி நேரம். ராத்திரி முழுக்க ஊறவிடாதீர்கள், பளபளப்புப் பூச்சு மங்கிவிடும். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் பக்கமே போகக் கூடாது. அதில் ஒரு சொட்டு போதும், பூச்சும் போகும், வாரண்டியும் போகும்.

தேங்காய் எண்ணெய் விடலாமா என்று கேட்காத வீடு இந்த மாவட்டத்தில் இல்லை. விடாதீர்கள். இந்தக் குழாய்களின் ரப்பர் வளையங்களில் பெரும்பகுதி ஈ.பி.டி.எம். என்ற வகை, அது தண்ணீரையும் வெந்நீரையும் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. ஊதிப் பெருத்து, முதலில் நன்றாக ஓடிய பட்டன் சில வாரங்களில் முன்பைவிட மோசமாகச் சிக்கும். வாசலினும் அதே கணக்குதான். ஏதாவது தடவியே ஆகவேண்டும் என்றால் குடிநீர்க் குழாய்க்கு ஏற்ற சிலிகான் கிரீஸ், அதுவும் ஒரு பொட்டளவு.

கழுவிய பிறகும் பட்டன் வரவில்லை என்றால் உள்ளே ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, அல்லது பட்டனுக்குப் பின்னால் இருக்கும் திசைமாற்றும் வால்வு நெளிந்திருக்கிறது. பிரித்துப் பார்க்காதீர்கள். பல தலைகள் ஒட்டி மூடப்பட்டவை. பிரித்தால் திரும்பச் சேராது. வாரண்டிக்கு மிகப் பொருத்தமான கோளாறு இதுதான்.

*ஆ. அழுத்தினால் நிற்பதில்லை*

பல ஸ்பிரேயர்களில் பட்டனை அந்த இடத்தில் பிடித்து வைத்திருப்பது தண்ணீரின் அழுத்தம்தான். அழுத்தம் போதவில்லை என்றால் பட்டன் நழுவிவிடும். குழாயில் கோளாறே இருக்காது.

கணக்குப் போடுவது சுலபம். டேங்கின் தண்ணீர் மட்டம் குழாய்க்கு மேல் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). ஒற்றை மாடி வீட்டில் மொட்டை மாடியிலேயே டேங்க் உட்கார்ந்திருந்தால் உயரம் 2 அல்லது 3 மீட்டர்; அதாவது 0.2, 0.3 பார். குழாய் வந்த பெட்டியிலோ கையேட்டிலோ குறைந்தபட்ச அழுத்தம் 0.5 பார் அல்லது 1 பார் என்று அச்சிட்டிருந்தால் விடை கிடைத்துவிட்டது. மாடியிலும் கீழேயும் சமையலறை உள்ள வீடு என்றால் அந்தத் தலையைக் கழற்றிக் கீழ்வீட்டு ஸ்பிரேயர் ஹோஸில் மாட்டிப் பாருங்கள். கீழே நின்று மேலே நிற்கவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம்.

வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும்போது வாங்கி வந்த குழாய்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். அங்கே அடுக்குமாடியில் பம்ப் வைத்துத் தள்ளும் தண்ணீரில் அது அருமையாக வேலை செய்திருக்கும். இங்கே நம் டேங்க் அதற்குப் போதாது.

இதற்குத் தீர்வு மூன்று. அழுத்தம் இல்லாமலே நிற்கும் வகைப் பட்டன் கொண்ட தலைக்கு மாறலாம். டேங்கை ஸ்டாண்ட் போட்டு உயர்த்தலாம். டேங்கிலிருந்து இறங்கும் பைப்பில் சிறிய பிரஷர் பம்ப் வைக்கலாம். நான் முதலாவதைத்தான் சொல்வேன். ஸ்பிரேயர் ஒன்றுக்காகப் பம்ப் வைப்பது மின்கட்டணத்துக்கு விருந்து வைப்பது. பழைய பைப் இணைப்புகள் எங்கெங்கே பலவீனமோ அங்கெல்லாம் கசிவும் தொடங்கும்.

அறிகுறி 3: தண்ணீர் குறைவாக வருகிறது

முதலில் கேட்க வேண்டியது, டேங்க் எப்போது கழுவினீர்கள் என்பது. டேங்க் கழுவிய மறுநாளும், மழைக்காலத்தில் கலங்கல் தண்ணீர் ஏற்றிய வாரமும்தான் இந்தப் புகார் குவியும். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆண்டில் இரண்டு முறை இந்தச் சீசன்.

தலையைக் கழற்றுங்கள். ஹோஸின் முனையைச் சிங்குக்குள் பிடித்துக்கொண்டு குழாயைக் கொஞ்சமாகத் திறங்கள். ஹோஸிலிருந்து தண்ணீர் வேகமாக வந்தால் கோளாறு தலையில். அங்கேயும் மெதுவாக வந்தால் கோளாறு அதற்குப் பின்னால். இந்த ஒரு சோதனை பாதித் தலைவலியைக் குறைக்கும்.

*தலையில் என்றால்:* தலையின் கழுத்துக்குள் ஒரு சின்னக் கம்பிவலை இருக்கும். மணலும் பாசித் துணுக்கும் அங்கே அடைந்திருக்கும், தட்டிக் கழுவுங்கள். முனையில் தண்ணீரோடு காற்றைக் கலக்கும் சல்லடையான ஏரேட்டர் கையால் திருகினால் வரும் வகை என்றால் அதையும் கழற்றி மேலே சொன்ன கரைசலில் ஊறவிடுங்கள். ஸ்பிரே வரும் ரப்பர் மொட்டுகளை விரலால் தேய்த்தாலே பொருக்கு உதிரும். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகித் தண்ணீர் கோணலாகப் பாயும்.

*பின்னால் என்றால்:* ஆங்கிள் காக் முழுக்கத் திறந்திருக்கிறதா, ஹோஸ் எங்காவது மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் மற்றக் குழாய்களைத் திறந்து பாருங்கள். வீடு முழுக்கக் குறைவு என்றால் டேங்க் வால்வு. சிங்கில் மட்டும் குறைவு என்றால் கைப்பிடிக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் பாகமான கார்ட்ரிட்ஜில் தூசி அடைத்திருக்கலாம், அல்லது தண்ணீர் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் சின்ன வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டுக்கும் கருவி வேண்டும். வாரண்டி இருந்தால் சர்வீஸ், இல்லையென்றால் பிளம்பர்.

அறிகுறி 4: ஒழுகுகிறது

தலை ஹோஸில் சேரும் இடத்தில் கசிந்தால் வாஷர் தேய்ந்திருக்கிறது. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் வாஷர் அது. அதற்காக வாரண்டி அழைப்பு போட்டுக் காத்திருக்காதீர்கள். பழைய வாஷரை எடுத்துக்கொண்டு போய் அதே அளவில் வாங்கி மாட்டுங்கள். அந்த இடத்தில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். தண்ணீரை அடைப்பது வாஷர்தான், மரை அல்ல. டேப் சுற்றி இறுக்கினால் பிளாஸ்டிக் மரை விரியும்.

சிங்குக்குக் கீழே ஈரம் என்றால் பலரும் ஆங்கிள் காக்கைக் குற்றம் சொல்கிறார்கள். அவசரப்படாதீர்கள். மேலே தலையில் கசியும் தண்ணீர் ஹோஸ் வழியாகவே இறங்கி, வெயிட்டில் நின்று கீழே சொட்டும். பழைய செய்தித்தாளை அலமாரித் தரையில் விரித்து, எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, முதலில் தலையை இழுக்காமல் குழாயைத் திறந்து பாருங்கள்; பிறகு இழுத்துக்கொண்டே திறந்து பாருங்கள். இழுக்கும்போது மட்டும் சொட்டினால் ஹோஸ் வெடித்திருக்கிறது அல்லது அதன் உலோகப் பூண் தளர்ந்திருக்கிறது. அந்த ஹோஸை டேப் சுற்றி ஓட்ட நினைக்காதீர்கள். ஆங்கிள் காக்கை மூடிவிட்டு வாரண்டிக்கு எழுதுங்கள். பிளைவுட் அலமாரி உப்பிப்போனால் குழாயைவிட அதற்குத்தான் செலவு அதிகம்.

கைப்பிடியை மூடிய பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால் கார்ட்ரிட்ஜ். பெரும்பாலான கம்பெனிகளின் வாரண்டியில் வரும் பகுதி அது, விடாமல் கேளுங்கள்.

அறிகுறி 5: பளபளப்புப் பூச்சு கொப்பளிக்கிறது, உரிகிறது

கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்றே இதைச் செய்யும். வேலை செய்வதில் குறை இல்லை என்றால் விட்டுவிடலாம். தலையின் பிளாஸ்டிக் உடலில் பூச்சு உரிந்து விளிம்பு கூராகிக் கையைக் கீறினால் மட்டும் தலையை மாற்றுங்கள். வாரண்டி அட்டைகள் வழக்கமாகப் பூச்சுக்குத் தனி நிபந்தனை வைத்திருக்கும், படித்துவிட்டு அழையுங்கள்.

வாரண்டிக்குப் போகும்போது

அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் ஆண்டுக்கணக்கு பெரும்பாலும் குழாயின் உடலுக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் உரியது. ஹோஸ், ஸ்பிரேயர் தலை, ரப்பர் பாகங்களுக்கு அதைவிடக் குறைந்த காலம் என்று சின்ன எழுத்தில் இருக்கக்கூடும். தண்ணீரின் உப்பால் வந்த அடைப்பு, தேய்மானம், தவறாகப் பொருத்தியது ஆகியவற்றை வழக்கமாக விலக்கியிருப்பார்கள்.

அதனால்தான் முதலில் கழுவச் சொல்கிறேன். கழுவியதும் சரியானால் யாரையும் அழைக்கத் தேவையில்லை. கழுவியும் சிக்கினால், காரணம் உப்பு அல்ல என்பதற்கு அதுவே உங்கள் சான்று. கழுவும் முன் ஒரு வீடியோ, கழுவிய பின் ஒரு வீடியோ, இரண்டிலும் தண்ணீர் ஓடும்போது பட்டனை அழுத்திக் காட்டுங்கள். புகார் எண்ணை வாங்கிப் பில்லின் பின்புறம் எழுதி வையுங்கள். வருபவருக்கு வருகைக் கட்டணம் உண்டா என்று முன்பே கேளுங்கள். அவர் பழைய தலையை எடுத்துப் போனால், அதை எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு வாங்காமல் கொடுக்காதீர்கள். முழுக் குழாயையும் மாற்றித் தரச் சொல்லி மல்லுக்கட்டுவதைவிடத் தலையை மட்டும் கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும்.

வெளிநாட்டில் வாங்கிய குழாய்க்கு, அதே கம்பெனி இங்கே கடை வைத்திருந்தாலும், வாரண்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடுவது வழக்கம். அட்டையில் நாடு குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் நேரத்தை வீணாக்காமல் அடுத்த வேலையைப் பாருங்கள். இணையத்தில் வாங்கியது என்றால் விற்றவரின் திருப்பி அனுப்பும் கெடு முடியவில்லையா என்று முதலில் பாருங்கள். கம்பெனி வாரண்டியைவிட அது எளிய வழி.

வாரண்டிக்குள் இருந்தும் காரணமே சொல்லாமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. ஸ்பிரேயர் தலை ஒன்றுக்காக யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் கடிதத்தில் அந்தச் சட்டத்தின் பெயரை எழுதினால் பதில் வரும் வேகம் மாறுகிறது.

வாரண்டி முடிந்திருந்தால் தலையை மட்டும் தனியாக வாங்கலாம். பலவற்றுக்கு அரை இஞ்சு மரைதான், ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. பழைய தலையைக் கையோடு எடுத்துப் போய்க் கடையிலேயே பொருத்திப் பார்த்து வாங்குங்கள். கூடவே அது குழாயின் வாயில் சரியாக உட்காருமா என்று வாய் விட்டத்தையும் அளந்து கொண்டுபோங்கள்.

பிளம்பரை அழைக்க வேண்டிய இடம்

ஆங்கிள் காக் திரும்பவில்லை, அல்லது மூடியும் தண்ணீர் நிற்கவில்லை என்றால் அழையுங்கள். கிரானைட்டுக்கு அடியில் குழாயைப் பிடித்திருக்கும் நட்டு துருப்பிடித்திருந்தாலும் நீங்கள் முயலாதீர்கள். மல்லாந்து படுத்துக்கொண்டு தலைக்கு மேலே திருகும் வேலை அது, அதற்கென்று நீளமான ஸ்பேனர் உண்டு. சுவருக்குள் ஈரம் ஏறினால், பக்கத்தில் மின் பிளக் பாயிண்ட் இருந்தால், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அழையுங்கள்.

ஆள் வரும் வரை மொட்டை மாடி டேங்கிலிருந்து சமையலறைக்கு இறங்கும் வால்வை மூட வேண்டும். அது எது என்று தெரியாத வீடுகள் நிறைய இருக்கின்றன. குழாய் நன்றாக இருக்கும் நாளிலேயே மாடிக்குப் போய், ஒவ்வொரு வால்வாக மூடிப் பார்த்து, சமையலறை வால்வில் பெயிண்டால் ஓர் அடையாளம் போட்டு வையுங்கள்.